ஆறடிக் கேன்வாஸில் ஒரு மணி நேர வானம்: ஜான் கான்ஸ்டபிளின் ஓவியத் தொழில்

1802ஆம் ஆண்டு, இங்கிலாந்து ஓவியர்களின் அமைப்பான ராயல் அகாடமியின் கண்காட்சியில் நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் படம் முதன்முதலாக இடம்பெற்றது. அதன் பிறகு 17 ஆண்டுகள், அநேகமாக ஆண்டு தவறாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. காரணத்தில் பாதி அவருடைய ஓவியத்தில் இருந்தது, மீதிப் பாதி சுவரில்.

அந்தச் சுவரைத் தெரிந்துகொண்டால்தான் அவருடைய தொழில் வாழ்க்கை புரியும். லண்டனில் சாமர்செட் ஹவுஸின் மேல்மாடிக் கூடத்தில் கண்காட்சி நடக்கும். தரையை ஒட்டி ஆரம்பித்துக் கூரை வரைக்கும் சட்டத்தோடு சட்டம் இடிக்கும்படி நூற்றுக்கணக்கான படங்களை நெருக்கி மாட்டுவார்கள். கண்மட்டத்தை ஒட்டிய நல்ல இடத்துக்கு ‘கோடு’ என்றே பெயர். எந்தப் படம் கோட்டில், எது மூலையில், எது கூரையடியில் என்று முடிவு செய்வது அகாடமி உறுப்பினர்களின் குழு. உறுப்பினராக இல்லாதவர் அனுப்பும் இரண்டடிப் படம், பக்கத்தில் தொங்கும் எட்டடி உருவப்படத்தின் நிழலில் காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு அகாடமியின் மதிப்பீட்டில் வரலாற்றுக் காட்சிகளும் புராணக் காட்சிகளுமே உச்சியில் இருந்தன. நிலக்காட்சிக்குக் கடைசி வரிசைக்குப் பக்கத்தில்தான் இடம். மனிதரோ கதையோ இல்லாமல் வெறும் ஆறு, வேலி, மரம் என்று வரைகிறவரைக் கைத்தொழில்காரராகப் பார்த்தார்கள்.

அவரைவிட ஒரே வயது மூத்த, இன்னொரு நிலக்காட்சி ஓவியரான டர்னர் 1802லேயே, 26 வயதில், முழு உறுப்பினர் ஆகிவிட்டார். கான்ஸ்டபிளுக்கு அந்தத் தகுதி 1829 பிப்ரவரியில் கிடைத்தது. அப்போது வயது 52. அதுவும் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்.

ஆலைக்காரர் மகன்

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற ஊரில் 1776 ஜூன் 11 அன்று பிறந்தார். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் தானிய வியாபாரி. ஸ்டூர் ஆற்றங்கரையில் ஃபிளாட்ஃபோர்டிலும் டெடமிலும் நீராலைகள், ஊரில் ஒரு காற்றாலை, மாவை லண்டனுக்குக் கொண்டுபோகச் சொந்தமாக ஒரு கப்பல் என்று வசதியான குடும்பம். மூத்த அண்ணன் தொழிலை ஏற்கும் நிலையில் இல்லாததால் ஜான்தான் அடுத்த முதலாளி என்று எதிர்பார்த்தார்கள். சில காலம் ஆலையில் வேலையும் பார்த்தார். பிறகு தம்பி ஏப்ரகாம் பொறுப்பேற்க, 1799ல் அகாடமியின் ஓவியப் பள்ளிக்குப் போனார்.

ஆலையில் இருந்த காலம் வீண் போகவில்லை. காற்றாலை ஓட்டுகிறவனுக்கு வானம் அழகுப் பொருள் கிடையாது. எந்த மேகம் எந்தப் பக்கத்துக் காற்றைக் கொண்டுவரும், பாயை எப்போது சுருட்ட வேண்டும் என்பது பிழைப்பு. அண்ணன் வரைந்த ஆலைகளைப் பற்றி ஏப்ரகாம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு: ஜான் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்றவர்கள் வரைந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பெரிய படங்களில் அவர் எடுத்துக்கொண்ட விஷயங்களையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஸ்டூர் அப்போது சரக்குப் போக்குவரத்து நடக்கும் ஆறு. படகைக் கரையிலிருந்து குதிரை இழுக்கும். இழுபாதை ஓரிடத்தில் முடிந்து எதிர்க்கரையில் தொடரும்போது குதிரையைப் படகிலேயே ஏற்றி அந்தப் பக்கம் இறக்க வேண்டும்; 1819ல் வந்த ‘வெள்ளைக் குதிரை’யில் நடப்பது அதுதான். மேயும் மாடுகள் பாதை வழியே அடுத்தவர் நிலத்துக்குப் போகாமலிருக்கக் குறுக்கே தடுப்பு வைத்திருப்பார்கள். சரக்குக் குதிரைகளை அதைத் தாண்டப் பழக்கியிருந்தார்கள். 1825ன் ‘பாயும் குதிரை’ அந்தக் கணம். 1824ன் ‘லாக்’ (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) படத்தில் ஒருவன் கம்பியை நெம்பி நீரைத் திறந்துவிட்டுப் படகைக் கீழ்மட்டத்துக்கு இறக்குகிறான். இவற்றைக் ‘கிராமிய அமைதி’ என்று வாழ்த்து அட்டையில் அச்சடிக்கிறார்கள். உண்மையில் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

சின்னப் படம் ஏன் பெரிதாகாது

ஊருக்குப் போகும்போதெல்லாம் திறந்த வெளியில் தைல வண்ணத்தில் சின்னச் சின்ன முன்வரைவுகள் செய்வது அவர் வழக்கம். இளம் வயதில் பக்கத்து வீட்டு ஜான் டன்தோர்ன் துணைக்கு வருவார். அவர் ஈயக் குழாயும் கண்ணாடியும் பொருத்தும் தொழிலாளி. ஓவியத்தில் தீராத ஆசை. வெயில் நகர்ந்து நிழல் மாறியதும் இருவரும் நிறுத்திவிடுவார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடம்.

உபகரணம் எளிமையானது. வண்ணப் பெட்டியை மடியில் வைத்து, மூடியின் உட்புறத்தில் காகிதத்தைப் பொருத்திக்கொள்வார். காகிதம் பெரும்பாலும் 30 சென்டிமீட்டர் அகலத்துக்குள். வெறும் காகிதம் எண்ணெயை உறிஞ்சி நாளடைவில் மொடமொடத்துவிடும் என்பதால் முதலில் அடிப்பூச்சு கொடுத்துக் காய வைத்திருப்பார். அந்தப் பூச்சு வெள்ளை இல்லை. இளஞ்சிவப்பு அல்லது செம்பழுப்பு. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. வெள்ளைத் தளத்தில் வேலை செய்தால் ஒவ்வொரு அங்குலத்தையும் மூடியாக வேண்டும். நடுத்தரத் தளமாக இருந்தால் அதுவே பாதி நிழலாக நின்றுவிடும். மேலே இருட்டும் வெளிச்சமும் வைத்தால் போதும். தவிர, பச்சை இலைகளின் இடுக்கில் எட்டிப் பார்க்கும் சிவப்பு அந்தப் பச்சையைத் துடிக்க வைக்கும். டின் டியூபில் வண்ணம் வந்தது 1841ல்தான். அதுவரை பன்றியின் சிறுநீர்ப் பையில் கட்டி விற்ற வண்ணத்தை ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். துளை சரியாக அடைபடாவிட்டால் மிச்சம் காய்ந்து போகும்.

இந்த முன்வரைவுகளில் இருந்த உயிர் கண்காட்சிப் படங்களில் வரவில்லை. இது அவருக்கே தெரியும். சிக்கல் திறமைக் குறைவு அல்ல, அளவு. 30 சென்டிமீட்டர் அகலத்தை 185 ஆக்கினால் பரப்பு முப்பத்தெட்டு மடங்கு கூடுகிறது. சின்னதில் ஒரு தூரிகை இழுப்பு ஒரு மரம். பெரிதில் அதே இழுப்பு ஒரு கறை. சின்னதில் இழுப்புகளுக்கு நடுவே தெரியும் அடிப்பூச்சு படத்தைக் கட்டிச் சேர்க்கும். பெரிதில் அந்த இடைவெளி பொத்தலாகத் தெரியும். பொத்தலை நிரப்ப இலை இலையாக வரைந்தால் விவரம் பெருகி வெளிச்சம் செத்துவிடும். நேரமும் எதிரி. சின்னப் படத்தை ஈரம் காயுமுன் ஒரே அமர்வில் முடிக்கலாம். ஆறடிப் படம் மாதக்கணக்கில் இழுக்கும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. எண்ணெய் அதிகமாகக் குடித்து மெதுவாகக் காயும் பூச்சின் மேல் சீக்கிரம் காயும் பூச்சை வைத்தால், அடியில் இருப்பது பிறகு சுருங்கும்போது மேற்பரப்பு வெடித்துப் பாளம் பாளமாகப் பிளக்கும். கறுப்பின் ஆழத்துக்காக அக்கால ஓவியர்கள் பலர் விரும்பிய தார் போன்ற நிறமி முழுதாகக் காய்வதே இல்லை. அதை நம்பியவர்களின் நிழல்கள் இன்று முதலைத் தோலாகக் கிடக்கின்றன.

கான்ஸ்டபிள் கண்ட வழி அவருக்கு முன் யாரும் வழக்கமாகக் கையாளாதது. முன்வரைவையே ஆறடியில் செய்தார். அதாவது ஒவ்வொரு பெரிய படத்துக்கும் இரண்டு ஆறடிக் கேன்வாஸ். முதலாவது யாருக்கும் காட்ட அல்ல, விற்கவும் அல்ல. வெளிச்சம் எங்கே விழ வேண்டும், இருட்டுத் திரள்கள் எப்படி நிற்க வேண்டும், எதை எடுத்துவிட வேண்டும் என்று பேலட் கத்தியாலும் (வண்ணம் கலக்கும் மழுங்கிய கத்தி) முரட்டுத் தூரிகையாலும் முட்டி மோதிப் பார்க்கும் களம். அங்கே முடிவானதை இரண்டாவதில் நிதானமாகக் கட்டுவார். பொருளாதாரமாகப் பார்த்தால் கிறுக்குத்தனம்: துணி, வண்ணம், உழைப்பு எல்லாம் இரட்டிப்பு. ‘வெள்ளைக் குதிரை’யின் முன்வரைவை எக்ஸ்ரே எடுத்தபோது அடியில் டெடம் பள்ளத்தாக்கின் வேறொரு காட்சி கிடைத்தது. பாதியில் கைவிட்ட கேன்வாஸை வீணாக்காமல் அதன் மேலேயே வரைந்திருக்கிறார்.

அவருடைய முதல் ஆறடிக் கண்காட்சிப் படமான ‘வெள்ளைக் குதிரை’ 1819ல் தொங்கியது. நண்பர் ஜான் ஃபிஷர் என்ற பாதிரியார் 100 கினிக்கு வாங்கினார். (ஒரு கினி என்பது ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங்.) அதே ஆண்டு நவம்பரில் அகாடமி அவரை இணை உறுப்பினராக்கியது. சுவர் வேலை செய்தது.

வைக்கோல் வண்டி

1821ன் ‘வைக்கோல் வண்டி’யை, 4 அடி 3 அங்குல உயரம், 6 அடி 1 அங்குல அகலம், லண்டன் வீட்டில் குளிர்காலத்தில் ஐந்து மாதம் போலச் செலவிட்டு வரைந்தார். படத்தில் இருப்பது கோடைக்கால நண்பகல். கண்காட்சியில் கொடுத்த தலைப்பும் ‘நிலக்காட்சி: நண்பகல்’தான். வண்டி விஷயத்தில் நினைவு கைகொடுக்காததால் ஊருக்கு எழுதிக் கேட்டார். அறுவடை வண்டியின் கோட்டோவியத்தை டன்தோர்னின் மகன் போட்டுக் கொடுக்க, தம்பி ஏப்ரகாம் அனுப்பி வைத்தார்.

லண்டன் நேஷனல் கேலரியில் அந்தப் படத்தின் முன் நிற்க வாய்த்தால், கரையில் நிற்கும் நாய்க்கு வலப்புறம் தண்ணீரைக் கூர்ந்து பார்க்கலாம். ஏதோ ஒரு கலங்கல் தெரியும். முன்வரைவில் அங்கே குதிரையும் அதன் மேல் ஒரு பையனும் இருந்தார்கள். இறுதிப் படத்தில் அவர்களை எடுத்துவிட்டு ஒரு பீப்பாயை வைத்தார். பிறகு அதையும் தண்ணீரால் மூடினார். தைல வண்ணம் வயதாக ஆக ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும் என்பதால் மூடியது மெல்ல மேலே வருகிறது. எடுத்தது சரிதான். வலப்பக்கத்தில் இன்னொரு உருவம் நின்றிருந்தால் கண் அங்கேயே தங்கியிருக்கும். இப்போது நாய் திரும்பிப் பார்க்கும் திசையில் நேரே வண்டிக்குப் போகிறது.

பச்சை பற்றியும் சொல்ல வேண்டும். அக்காலத்து ரசிகர்கள் நிலக்காட்சியில் எதிர்பார்த்தது பழைய வயலினின் பழுப்பு. கலைப் புரவலர் சர் ஜார்ஜ் போமன்ட் அப்படி ஒரு வயலினின் நிறத்தையே அளவுகோலாகச் சிபாரிசு செய்தபோது, கான்ஸ்டபிள் ஒரு வயலினைக் கொண்டுபோய் வீட்டு முன் புல்வெளியில் வைத்துக் காட்டினாராம். ஆனால் புல்லுக்கு ஒரே பச்சையை எடுத்துத் தடவியவர் இல்லை அவர். மஞ்சள் ஓடியது, நீலம் ஓடியது, பழுப்புக்குச் சாய்ந்தது என்று பல பச்சைகளைக் கலக்காமல் அடுத்தடுத்து வைத்தார். தூரத்தில் நின்று பார்க்கும் கண் சேர்த்துக்கொள்ளும். அவருடைய புல்வெளியின் மேன்மை இதில்தான் இருக்கிறது என்று பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வண்டிக் குதிரைகளின் சேணத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு. அதை விரலால் மறைத்துப் பார்த்தால் மொத்தப் படமும் ஒரு படி மங்கும். இலை நுனிகளிலும் நீரிலும் ஈய வெள்ளையைக் கெட்டியாகத் தட்டித் தட்டி வைத்த பொட்டுகள் ஈரத்தின் மினுக்கம். விமர்சகர்கள் அதைக் ‘கான்ஸ்டபிளின் வெண்பனி’ என்று கேலி செய்தார்கள்.

அந்த ஆண்டு படம் விலை போகவில்லை. அவர் கேட்டது 150 கினி. மறு ஆண்டு ஜான் அரோஸ்மித் என்ற பாரிஸ் வியாபாரி 70 பவுண்டு தருவதாகச் சொல்ல, மறுத்தார். 1824ல் இதையும் இன்னொரு ஆறடிப் படத்தையும் சேர்த்து, ஒரு சின்னப் படத்தை மேலே கொசுறாகப் போட்டு, 250 பவுண்டுக்குக் கொடுத்தார். பாரிஸ் சலோன் கண்காட்சியில் ஓவியர்கள் கூடிக் கூடிப் பார்த்தார்கள். பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்ல்ஸ் தங்கப் பதக்கம் வழங்கினார். மறு ஆண்டு ‘வெள்ளைக் குதிரை’க்கு லீல் நகரில் இன்னொரு தங்கப் பதக்கம். இதற்கெல்லாம் அவர் இங்கிலாந்தை விட்டு ஒரு நாள்கூட வெளியே போகவில்லை.

வானத்தைப் படித்தது

மனைவி மரியாவுக்குக் காசநோய். லண்டன் புகை ஆகாது என்று 1819 முதல் ஹாம்ஸ்டெட் மேட்டில் வீடு பிடித்தார்கள். அந்த மேட்டிலிருந்து அடிவானம் வரை மறைப்பில்லை. 1821, 1822 இரண்டு ஆண்டுகளில் பல டஜன் மேக ஆய்வுகள் அங்கே பிறந்தன. வானத்தைப் பொருள்களுக்குப் பின்னால் கட்டிய வெள்ளைத் துணியாக நினைத்துக்கொள் என்று அவருக்குச் சிலர் அறிவுரை சொல்லியிருந்தார்கள். 1821 அக்டோபரில் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் அதை மறுக்கிறார்: வானம் முன்னால் துருத்திக்கொண்டு வந்தால் தப்பு, ஆனால் அதைத் தட்டிக்கழிப்பது அதைவிடப் பெரிய தப்பு. காட்சியின் சுருதியே வானம்தான் என்பது அவர் கட்சி.

காகிதத்தின் பின்புறத்தில் தேதி, மணி, பார்த்த திசை, காற்று எல்லாம் குறிப்பார். 1822 செப்டம்பர் 5 குறிப்பு: காலை 10 மணி, தென்கிழக்கு நோக்கி, மேற்கிலிருந்து பலத்த காற்று, சாம்பல் நிற மேகங்கள் மஞ்சள் படுகை மேல் வேகமாக ஓடுகின்றன. மேகங்களுக்கு லூக் ஹோவர்ட் பெயர் சூட்டி வகைப்படுத்தி இருபது ஆண்டுகூட ஆகாத காலம். வளிமண்டலம் பற்றித் தாமஸ் ஃபாஸ்டர் எழுதிய நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரத்தில் மறுப்பும் ஒப்புதலுமாக எழுதியிருக்கிறார்.

ஓடும் மேகத்தைத் தைல வண்ணத்தில் பிடிப்பதில் கைத் தவறு எங்கே வரும் என்பதை முயன்றவர்கள் அறிவார்கள். ஈர நீலத்துக்குள் வெள்ளையை இழுத்தால் அது வெள்ளையாக நிற்காது; நீலம் ஏறிச் சாம்பலாகிவிடும். மேகத்தின் அடிநிழலுக்கு அந்தக் கலங்கல் லாபம். வெயில் படும் விளிம்புக்கு நஷ்டம். ஆகவே விளிம்பின் கெட்டி வெள்ளையைக் கடைசியில், ஒரே தடவையாக, திருத்தாமல் வைக்க வேண்டும். இரண்டாவது முறை தொட்டால் சேறு. அவருடைய ஆய்வுகளில் அந்தக் கடைசித் தடவல்கள் காகிதத்திலிருந்து புடைத்து நிற்பதை இன்றும் பார்க்கலாம். பெரிய படங்கள் சிலவற்றில் புடைப்பு மழுங்கியிருந்தால் அது அவர் தவறில்லை. பிற்காலத்தில் கேன்வாஸைப் பலப்படுத்தப் பின்னால் புதுத் துணி ஒட்டிச் சூட்டுப் பெட்டி போட்டு அழுத்தும்போது தடித்த வண்ணம் நசுங்கிவிடும்.

வானம் வியாபாரத்தையும் கெடுத்தது. சாலிஸ்பரி ஆயர் தம் தோட்டத்திலிருந்து தெரியும் பேராலயத்தை வரையச் சொன்னார். 1823ல் படம் வந்தது. கோபுரத்தின் பின்னால் கருமேகம். ஆயருக்குப் பிடிக்கவில்லை, தெளிந்த வானம் கேட்டார். தெளிந்த வானத்தோடு இன்னொன்று வரைய வேண்டியதாயிற்று. வரையச் சொல்லிக் காசு கொடுப்பவருக்கு வேண்டியது இடத்தின் அடையாளம். கான்ஸ்டபிள் வரைந்தது அன்றைய வானிலையை.

வாங்க ஆளில்லாத வெற்றி

நிலக்காட்சியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. உருவப்படங்கள், வீடுகளின் படங்கள், தேவாலயத்துக்குப் பலிபீடப் படம் என்று கிடைத்ததைச் செய்தார். மரியாவைக் காதலித்தது 1809ல். ஊர்ப் பாதிரியாரான அவளுடைய தாத்தா, வருமானம் இல்லாதவனுக்குப் பெண்ணா என்று முட்டுக்கட்டை போட்டார். தந்தை இறந்து சொத்தில் பங்கு வந்த பிறகு, 1816 அக்டோபரில்தான் கல்யாணம். ஏழு பிள்ளைகள். 1828ல் மாமனார் இறந்து 20,000 பவுண்டு வந்தபோது, இனி ஆறடிக் கேன்வாஸ் முன் நிம்மதியாக நிற்கலாம் என்று சந்தோஷப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் மரியா போய்விட்டார். முழு உறுப்பினர் பதவி வந்தது அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து.

கடைசிப் படங்களில் பேலட் கத்தி ஆள்கிறது. 1829ன் ‘ஹாட்லி கோட்டை’, 1831ன் ‘புல்வெளியிலிருந்து சாலிஸ்பரி பேராலயம்’ இரண்டிலும் வண்ணம் கொத்துக் கொத்தாக, இறக்கிப் போட்ட மண் மாதிரி. சாலிஸ்பரிப் படத்தைக் கண்காட்சிக்குப் பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இருந்தவரை யாரும் வாங்கவில்லை. 2013ல் டேட் அருங்காட்சியகம் அதை 2.31 கோடி பவுண்டு திரட்டி வாங்கியது.

வருமானம் தரும் என்று நம்பிய இன்னொரு முயற்சி செதுக்குப் படங்கள். டேவிட் லூகாஸ் என்ற இளைஞரைக் கொண்டு தம் ஓவியங்களை மெசோடிண்ட் முறையில் தகட்டில் ஏற்றி, 22 படங்களை 1830 முதல் 1832 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டார். தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால் அச்சில் முழுக் கறுப்பு வரும். வெளிச்சம் வேண்டிய இடத்தை மட்டும் வழித்து மழமழப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து ஒளியை வெளியே எடுக்கும் இந்த முறை அவர் ஓவியத்துக்கு இதைவிடப் பொருந்த முடியாது. கெடுத்தது அவருடைய சுபாவம். சோதனை அச்சு வந்தபோதெல்லாம் திருத்தம், திருத்தத்தின் மேல் திருத்தம். சொரசொரப்பு மென்மையானது, வழித்ததை மறுபடி கறுப்பாக்க அந்த இடத்தை முதலிலிருந்து குத்திவர வேண்டும். செலவு எகிறியது. பிரதிகள் தேங்கின. நஷ்டம் முழுவதும் அவர் தலையில்.

1836ல் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் நிலக்காட்சியின் வரலாறு பற்றி உரையாற்றியபோது, ஓவியம் ஒரு விஞ்ஞானம், படங்கள் அதன் பரிசோதனைகள் என்றார். 1837 மார்ச் 31 இரவு இறந்தார். வேலை நடந்துகொண்டிருந்த ‘அரண்டல் ஆலையும் கோட்டையும்’ அந்த ஆண்டுக் கண்காட்சியில் அவர் இல்லாமல் தொங்கியது. மறுபடியும் ஓர் ஆலை.

வீட்டில் கிடந்த ஆயிரக்கணக்கான சிறு படங்களும் வரைபடங்களும் பிள்ளைகளிடம் போயின. மகள் இசபெல் 1888ல் கொடுத்த பெருந்தொகுப்பு இன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘வைக்கோல் வண்டி’யின் ஆறடி முன்வரைவும் அங்கேதான். இருபதாம் நூற்றாண்டு ரசனை முடித்த படங்களைவிட இந்த முன்வரைவுகளைத் தலையில் தூக்கி வைத்தது. அவர் யாருக்கும் காட்ட நினைக்காதவை இவை என்பதை மறந்து ‘உண்மையான கான்ஸ்டபிள்’ என்று இவற்றை மட்டும் கொண்டாடுவது கொஞ்சம் அதிகப்படி.

அந்தக் குடும்பக் குவியலில் ஒரு சிக்கலும் இருந்தது. கடைசிப் பிள்ளை லயனலும் ஓவியர். அப்பா இறக்கும்போது அவனுக்கு 9 வயது. வளர்ந்து அவன் வரைந்த சின்ன நிலக்காட்சிகள் பல அப்பா பெயரிலேயே அருங்காட்சியகங்களுக்கும் ஏலத்துக்கும் போய்விட்டன. 1970களில்தான் ஆய்வாளர்கள் பிரித்தெடுக்கத் தொடங்கினார்கள். ஒரு தடயம் காகிதம்: தயாரித்த ஆண்டு நீர்க்குறியில் 1837க்குப் பிந்தியதாக இருந்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. இன்னொன்று வானம். லயனலின் வானம் அழகாக இருக்கும், மென்மையாக இருக்கும். மழை வருமா, காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.